முகமும் பூவும் ஒரே படத்தில்: மாலை போட்ட போட்டோ மாதிரி ஆகாமல் எப்படி?

கொழுந்துமேடு (கோத்தகிரி பக்கம்)

எல்லாருக்கும் வணக்கம். என் அம்மாயியின் முகத்தை 3 அடிக்கு 2 அடி கேன்வாஸில் போட்டுக்கொண்டிருக்கிறேன். அக்ரிலிக் வர்ணம், மாடலிங் பேஸ்ட் (மேடு கட்டும் பசை), பேலட் கத்தி (வர்ணம் அப்பும் தட்டைக் கத்தி). முகத்தைச் சுற்றியும் தோள்மேலும் கொண்டைக்குப் பின்னாலும் பூக்கள் புடைத்து நிற்க வேண்டும், பார்க்கிறவர்களுக்குக் கை நீட்டித் தொடத் தோன்ற வேண்டும் என்பது ஆசை. முகச்சாயல் வந்துவிட்டது. பூவும் தனியாகப் பார்த்தால் குறையில்லை. சேர்த்துப் பார்த்தால்தான் வம்பு. வீட்டுக்கு வருகிறவர்கள் படத்தைப் பார்த்ததும் குரலைத் தாழ்த்தி, "பாட்டி எப்போ..." என்று இழுக்கிறார்கள். அம்மாயி அடுப்படியிலிருந்து "நான் இங்கதான்டா இருக்கேன், டீ போடவா?" என்கிறது.

பூ இப்போதைக்கு நீலக்குறிஞ்சி. 2018இல் மலை முழுக்கப் பூத்தபோது எடுத்த போட்டோக்களை வைத்துப் போடுகிறேன். உயிரோடு இருக்கிற ஒருவரின் முகத்தைச் சுற்றிப் பூ வைத்தாலே நம்ம ஊரில் கண் அப்படித்தான் படிக்குமா, இல்லை ஓவியத்திலேயே ஏதாவது செய்ய முடியுமா?

வெறுங்கித்தான்

பூவை எடுத்துவிடுங்கள். வேலை முடிந்தது.

கோபித்துக்கொள்ள வேண்டாம். பெண் முகம், மூடிய கண், நெற்றியிலிருந்து பாதி மண்டை பூவாகக் கரைவது, மேலே கத்தியால் அப்பிய வெள்ளை, ஓரத்தில் கொஞ்சம் தங்கத்தாள். ரிசார்ட் லாபிகளில் எல்லாம் இதுதான் தொங்குகிறது. யார் முகம் என்று கேட்டால் வரைந்தவருக்கே தெரியாது. போர்ட்ரெய்ட் என்றால் ஓர் ஆள் வேண்டும். உங்களிடம் ஆள் இருக்கிறார். அப்புறம் பூ எதற்கு?

ஊட்டி_டு_எழும்பூர்

வெறுங்கித்தான் அண்ணே, லாபிப் படத்தை வைத்து மொத்த வகையையும் தள்ளிவிடாதீங்க. அமெரிக்க ஓவியர் கெஹிண்டே வைலி வரைந்த ஒபாமா படம் 2018இல் வாஷிங்டன் தேசிய உருவப்பட அருங்காட்சியகத்துக்கு வந்தது. பின்னால் முழுக்க இலைச்சுவர். அதில் சாமந்தி சிகாகோவுக்கு, மல்லி ஹவாய்க்கு, ஆப்பிரிக்க நீல லில்லி அவருடைய அப்பாவின் கென்யாவுக்கு. பூவை எடுத்துவிட்டால் அந்த ஆளின் கதையே போய்விடும். இன்னொன்றும் கவனிங்க: இலைகள் பின்னால் மட்டும் நிற்கவில்லை. காலடியில் ஷூவுக்கும் நாற்காலிக் காலுக்கும் முன்னால் வந்து மறைக்கின்றன. அந்தச் சின்ன வேலையால்தான் அவர் திரைச்சீலைக்கு முன் உட்கார்ந்தவராகத் தெரியாமல் செடிக்குள்ளே உட்கார்ந்தவராகத் தெரிகிறார்.

கொழுந்துமேடு அக்கா, உங்க படத்தில் பூ எல்லாம் முகத்துக்கு எந்தப் பக்கம் இருக்கு? முன்னாலயா பின்னாலயா?

கொழுந்துமேடு

தோளில் இருப்பது முன்னால், மற்றதெல்லாம் பின்னால். இப்போது யோசித்தால் ரெண்டு தோளிலும் ஒரே அளவு இறங்குகிறது. முகம் நேராகப் பார்க்கிறது. பின்னணி வெறும் சாம்பல்.

பலாப்பலகை (கொடைக்கானல்)

அதிலேயே பதில் இருக்கிறதே அம்மா. நேர்ப்பார்வை, வெற்றுப் பின்னணி, கழுத்துக்கு இருபுறமும் சமமாக இறங்கும் பூ, முகத்தின்மேல் ஓர் இதழ்கூடப் படாத இடைவெளி. ஸ்டூடியோ போட்டோவுக்கு மாலை போட்டால் இந்த நான்கும் அப்படியே அமையும். மாலை கண்ணாடிச் சட்டத்துக்கு வெளியே தொங்குகிறது, முகம் உள்ளே இருக்கிறது. ரெண்டுக்கும் காற்று வேறு, வெளிச்சம் வேறு. பார்க்கிறவர் அந்தப் பிரிவைத்தான் சாவு என்று படிக்கிறார். பூவின்மேல் பழி இல்லை.

நான் தஞ்சாவூர்ப் படம் பழகி வந்தவன், அந்தப் பக்கத்திலிருந்து ஒன்று சொல்கிறேன். இப்போது டெக்ஸ்சர் என்று பேசுவதை நாங்கள் எப்போதோ செய்துகொண்டிருக்கிறோம். சாக் பொடியும் பசையும் குழைத்து நகை, மாலை, தோரணம், திரைச்சீலை எல்லாவற்றையும் மேடு கட்டி, மேலே தங்க ரேக்கு ஒட்டுவோம். சாமி முகத்தில் மட்டும் மேடு கிடையாது. தட்டையான வர்ணம், சன்னமான கோடு. விளக்கைக் கொண்டுபோனால் மாலை மினுங்கும், முகம் அசையாமல் நிற்கும், கண் தானாக முகத்துக்குப் போகும். ஆகவே முகத்தை மெல்லிசாக விடுங்கள், பூவைத் தடிமனாக வையுங்கள். ரெண்டையும் தடிமனாக்கினால் எதைப் பார்ப்பது என்று தெரியாது.

ஊட்டி_டு_எழும்பூர்

ஐயா, மரியாதையோடு மாறுபடுகிறேன். அது சாமிக்குச் சரி. சாமி முகத்தில் சுருக்கம் கிடையாது. அக்காவோட அம்மாயி கொழுந்து பறித்த ஆள்னு நினைக்கிறேன் (பெயரை வைத்து ஊகம்). வெயிலும் பனியும் பட்ட முகம். தடிமன் அங்கேதான் வர வேண்டும். கன்னமேடு, மூக்குத்தண்டு, நெற்றிக்கோடு எல்லாம் கத்தியால். பூவை நீர்த்த வர்ணத்தில் கறை மாதிரி விட்டுவிடலாம். பிரிட்டிஷ் ஓவியர் ஃப்ராங்க் ஆவர்பாக்கின் முகங்களைப் பாருங்க, பெயிண்ட்டையே குவித்து வைத்திருப்பார். பார்க்கும்போது ஆள் கனமாக எதிரில் உட்கார்ந்திருப்பது தெரியும்.

வெறுங்கித்தான்

இது நியாயம். பூ கறையாக இருந்தால் நானும் பொறுத்துக்கொள்வேன்.

கொழுந்துமேடு

ஊகம் சரிதான். சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்துக்குப் பிறகு இலங்கையிலிருந்து வந்த குடும்பம். அங்கேயும் கொழுந்து, இங்கேயும் கொழுந்து. ரெண்டு கட்டைவிரலிலும் கறை இன்னும் போகவில்லை.

சட்டக்கடை (குன்னூர்)

நான் வரைகிறவன் இல்லைங்க, பிரேம் போடுகிறவன். ரெண்டு பேரும் தடிமன் தடிமன்னு பேசறீங்க, எங்க கடைக்கு ஆடி மாசம் என்ன வருதுன்னு நான் சொல்றேன்.

முதல்ல கேன்வாஸ். மழைக்காலத்துல காட்டன் துணி தளரும், வெயில் அடிச்சா இறுகும். மேலே இருக்கிற பேஸ்ட் காய்ஞ்சு கெட்டியா இருக்கும், துணி கூட ஆடாது. அப்புறம் வெடிக்காம என்னங்க பண்ணும்? அதுவும் சில பேரு மாடலிங் பேஸ்ட் விலை ஜாஸ்தின்னு சுவத்துக்கு அடிக்கிற வால் புட்டியை அப்பிட்டு வர்றாங்க. சுவர் அசையாது, அதுக்குன்னு செஞ்ச சாமான் அது. துணியில போட்டா பாளம் பாளமா வந்துடும். புடைப்பு வேலைன்னா நல்ல மரைன் பிளைவுட் வாங்கி, முன்பக்கம் பின்பக்கம் நாலு ஓரம் எல்லாத்தையும் சீல் பண்ணிட்டு அதுமேல துணி ஒட்டி வேலை செய்யுங்க. எம்டிஎஃப் போர்டு (மரநாரை அழுத்திச் செஞ்ச பலகை) வேண்டாம், ஓரத்துல ஈரம் குடிச்சு உப்பிக்கும். பேஸ்ட்டை ஒரே தடவை அள்ளிப் போடாம மெல்லிசு மெல்லிசா, ஒண்ணு காய்ஞ்சப்புறம் அடுத்தது.

அடுத்தது குளிர். அக்ரிலிக் சுமார் 10 டிகிரிக்குக் கீழே ஒழுங்கா படலம் கட்டாதுங்க. தண்ணி போயிடும், காய்ஞ்ச மாதிரி இருக்கும், ஆனா உள்ளே இருக்கிற பிசின் துளிங்க ஒண்ணோட ஒண்ணு சேர்ந்திருக்காது. பின்னாடி மாவா உதிரும், இல்லாட்டி மயிரிழை மாதிரி விரிசல் விடும். டிசம்பர், ஜனவரியில இங்கே ராத்திரி எவ்வளவு இறங்கும்னு உங்களுக்கே தெரியும். சாயங்காலம் தடிமனா போட்டுட்டு ஜன்னல் ஓரத்துல விட்டுட்டுப் போகாதீங்க. காலையில வெயில் வந்ததும் வேலையை ஆரம்பிங்க.

பலாப்பலகை

சட்டக்கடைக்காரர் சொன்னது நூற்றுக்கு நூறு. பழைய ஆட்கள் பலாப்பலகை தேடியதும் இதற்குத்தான். என் பெயரும் அதிலிருந்து வந்ததுதான்.

தம்பிக்குப் பதில்: ஆவர்பாக் முகத்தைத் தடிமனாக வைத்தார், சரி. பக்கத்தில் பூ வைத்தாரா? ரெண்டையும் ஒரே படத்தில் வைத்தவர்களைப் பார்ப்போம். வான் கோ, தபால்கார ரூலானின் மனைவியைத் தொட்டில் கயிற்றைப் பிடித்தபடி உட்கார வைத்து, 1888 கடைசியில் தொடங்கி 5 முறை வரைந்தார். பின்னால் பச்சைச் சுவர்த்தாள் முழுக்க டேலியா. நம்ம பிரையண்ட் பூங்காவில் மே மாதக் கண்காட்சிக்கு வந்தவர்களுக்கு அந்தப் பூ தெரியும், இதழ் அடுக்கு எப்படி இருக்குமென்றும் தெரியும். அவர் அதைத் தாவரவியல் படமாகப் போடவில்லை. அந்த அம்மாளின் உடையை இழுத்த அதே அழுத்தமான கோட்டில்தான் பூவும். ஒரே கை, ஒரே வேகம். பூச்சூழ்ந்த முகம்தான், ஆனால் யாரும் அதைப் பார்த்து அந்த அம்மாள் இறந்துபோனாள் என்று நினைப்பதில்லை.

ஆக, எது தடிமன் எது மெல்லிசு என்பது ரெண்டாவது கேள்வி. முகத்தையும் பூவையும் ஒரே கை தொட்டதா என்பதுதான் முதல் கேள்வி. உங்கள் படத்தில் முகம் தூரிகையால் மென்மையாகத் தேய்த்தது, பூ கத்தியால் அப்பியது, இல்லையா? பார்க்காமலே சொல்கிறேன்.

கொழுந்துமேடு

ஆமாங்க ஐயா. முகத்துக்கு ஃபில்பர்ட் (முனை வளைந்த தட்டைத் தூரிகை), பூவுக்குக் கத்தி.

பூக்கிறுக்கன்

நடுவில் புகுந்ததற்கு மன்னிக்க. நீலக்குறிஞ்சி அடுத்து எப்போது?

ஊட்டி_டு_எழும்பூர்

12 வருசக் கணக்கு. 2006, 2018, அடுத்து 2030. இடையில் பூப்பதெல்லாம் வேற குறிஞ்சி வகைகள், குறிஞ்சியில் பல இனம் உண்டு. இதற்குத் தனி இழை போடுங்க ப்ளீஸ்.

வெறுங்கித்தான்

குறிஞ்சி பேச்சு வந்ததால் கேட்கிறேன். கொழுந்துமேடு, உங்கள் அம்மாயிக்கும் குறிஞ்சிக்கும் என்ன சம்பந்தம்? 12 வருசத்துக்கு ஒரு முறை பூக்கும் பூ, டூரிஸ்ட் பஸ் வரும் பூ, சங்கப்பாட்டுப் பூ. எல்லாருக்கும் சொந்தமான பூ. வைலி படத்தில் ஒவ்வொரு பூவுக்கும் அந்த ஆளோடு உறவு இருந்தது என்று தம்பி சொன்னாரே. உங்கள் படத்தில் நீலகிரி என்ற பெயர்ப்பலகைக்குப் பதில் குறிஞ்சி நிற்கிறதோ என்று சந்தேகம்.

கொழுந்துமேடு

கொஞ்சம் உறைத்தது. அம்மாயியிடமே கேட்டேன், "உனக்கு எந்தப் பூ வைக்கட்டும்?" என்று. "தலைக்கா, படத்துக்கா?" என்றது. படத்துக்கு என்றேன். "தேயிலைப் பூ வை. அதை யாரும் பார்த்திருக்க மாட்டாங்க."

தெரியாதவர்களுக்கு: ஒழுங்காகக் கொழுந்து எடுத்து, கவாத்து பண்ணும் (கிளை வெட்டிவிடும்) தோட்டத்தில் தேயிலை பூப்பது அபூர்வம். கைவிட்ட மூலையில், மரமாக வளரவிட்ட செடியில்தான் பார்க்கலாம். நேற்று ரோட்டோரம் ஒரு செடியில் கிடைத்தது. ரூபாய் நாணயத்தைவிடக் கொஞ்சம் பெரியது, மெழுகு பூசிய மாதிரி வெள்ளை இதழ், நடுவில் மஞ்சள் மகரந்தத் தாள்கள் அடர்ந்து குச்சமாக நிற்கின்றன. முகம் காட்டாமல் தரையைப் பார்த்துத் தொங்குகிறது. இலையைப் புரட்டினால்தான் பூ தெரிகிறது.

ஊட்டி_டு_எழும்பூர்

அக்கா!! படம் கிடைச்சிடுச்சு.

வெறுங்கித்தான்

பூவை எடுக்கச் சொன்னதை வாபஸ் வாங்கிக்கொள்கிறேன். குறிஞ்சியை எடுக்கச் சொன்னதாக வைத்துக்கொள்ளுங்கள்.

பலாப்பலகை

வெள்ளைப் பூ என்றால் ஒரு எச்சரிக்கை. அம்மாயிக்கு நரைமுடி இருக்கும். பூவின் வெள்ளை, நரையின் வெள்ளை, நெற்றியில் படும் வெளிச்சத்தின் வெள்ளை, மூன்றும் ஒரே டைட்டானியம் வெள்ளையாக இருந்தால் படம் சாக்குக் கட்டியாகிவிடும். சுத்த வெள்ளையைப் பூவுக்கு மட்டும், அதுவும் வெளிச்சம் படும் ஓரிரு இதழுக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். நரைக்கு ரா அம்பர் (மண்பழுப்பு) கலந்த சாம்பல். தோலில் எங்கேயும் நேரடியாக வெள்ளை வேண்டாம். கடைகளில் 'ஸ்கின் டோன்' என்று விற்கும் டியூப் நம்ம தோலுக்கு ஆகாது. பர்ன்ட் சியென்னாவும் (செம்பழுப்பு) அல்ட்ராமரைனும் (நீலம்) கலந்தால் கருமையின் எல்லாப் படியும் கிடைக்கும். வெளிச்சம் படும் இடத்துக்கு யெல்லோ ஆக்கர் (மண்மஞ்சள்) சேர்த்தால் போதும்.

பக்கத்து நிறம் தோலை மாற்றும் என்பதையும் மறக்க வேண்டாம். பிரெஞ்சு வேதியியலாளர் செவ்ரூல் 1839லேயே இதை எழுதி வைத்துவிட்டார். ஊதாவுக்குப் பக்கத்தில் வைத்தால் நம்ம பழுப்பு, மஞ்சளாகத் தெரியும். செண்டுமல்லி மஞ்சளுக்குப் பக்கத்தில் வைத்தால் அதே பழுப்பு, நீலம் பாய்ந்து வாடித் தெரியும். மாலைப் படம் நோயாளிக் களையோடு தெரிவதற்கு அதுவும் ஒரு காரணம். தேயிலையின் கரும்பச்சைக்குப் பக்கத்தில் தோலுக்குச் சிவப்பு ஏறும். அம்மாயிக்கு நல்லது.

சட்டக்கடை

கலரைப் பத்தி நானும் ஒண்ணு சொல்லிக்கிறேன். அலிசரின் கிரிம்ஸன், அந்த மின்னுற ரோஸ் கலருங்க எல்லாம் வெளுத்துப் போறதை நெறைய பாத்திருக்கேன். 1000 மீட்டர் ஏறினா புறஊதாக் கதிர் ஏறக்குறைய 10 சதம் கூடும்ங்க, ஊட்டி 2240 மீட்டர். பனிமூட்டம்தானேன்னு நினைக்காதீங்க. சிவப்பு வேணும்னா சீக்கிரம் வெளுக்காத குவினாக்ரிடோன் வகை வாங்குங்க. சந்தேகம் இருந்தா அட்டையில பூசி, பாதியைக் கறுப்புத் தாளால மூடி, வெயில் நல்லா விழுற ஜன்னல்ல ஒரு கோடை முழுக்க ஒட்டி வெச்சுப் பாருங்க.

தூரத்துமலை (மதுரை)

ரொம்ப நாளாக வெளியிலிருந்து வாசிக்கிறேன். பின்னணிக்குத் தோடர்களின் பூத்தையல் மாதிரி சிவப்பும் கறுப்பும் புடைப்பாகப் போடலாமே? மலைக்கும் பொருத்தம், டெக்ஸ்சருக்கும் பொருத்தம்.

ஊட்டி_டு_எழும்பூர்

வேண்டாங்க. அது தோடர்களின் சொத்து, 2013இல் புவிசார் குறியீடும் வாங்கியாச்சு. நூல் எண்ணி, துணியின் பின்பக்கத்திலிருந்து தைப்பாங்க, அதனால்தான் முன்பக்கம் அப்படிப் புடைக்கும். அதைப் பேஸ்ட்டில் போலி பண்ணினால் நல்லாவே இருக்காது. மேலும் அந்தப் போர்வையில்தான் இறந்தவரைச் சுற்றுவாங்க. மாலையிலிருந்து தப்பித்து அங்கே போய் நிற்கணுமா?

தூரத்துமலை

தெரியாமல் சொன்னேன். பின்வாங்குகிறேன்.

கொழுந்துமேடு

எல்லாருக்கும் பதில். பழைய கேன்வாஸை அப்படியே வைத்துவிட்டு, சீல் பண்ணிய பிளைவுட்டில் சின்ன ஸ்டடி (முன்னோட்டப் படம்) ஒன்று ஆரம்பித்தேன். அம்மாயியை முக்கால் பக்கம் திருப்பி உட்கார வைத்தேன். வெளிச்சம் இடப்பக்கம் ஜன்னலிலிருந்து. தேயிலைக் கிளை வலது தோளுக்குப் பின்னாலிருந்து வந்து, தாடைக்கு முன்னால் குறுக்கே போய், இடப்பக்கம் வெளியேறுகிறது. ஒரு பூ தாடை ஓரத்தை மறைக்கிறது. அந்தப் பூவின் நிழல் கழுத்தில் விழுகிறது. நிழலை வைத்த உடனே ரெண்டும் ஒரே இடத்துக்கு வந்துவிட்டன. தடிமனால் சாதிக்க முடியாததை ஒரு மெல்லிய அம்பர் பூச்சு சாதித்தது.

ஐயா சொன்ன 'ஒரே கை'க்காக முகத்துக்கும் அதே சின்னக் கத்தி. கன்னமேட்டிலும் மூக்குத்தண்டிலும் மட்டும் கத்தி நின்றது, கண்ணைச் சுற்றி மெல்லிசுதான். சுருக்கங்களைப் பேஸ்ட் ஈரமாக இருக்கும்போதே ஊதுபத்திக் குச்சியால் கீறினேன். அதே குச்சியால்தான் பூவின் மஞ்சள் தாள்களையும் இழுத்தேன். இதழுக்குக் கத்தியின் முதுகில் வெள்ளையை ஏற்றி, அழுத்தி, சட்டென்று எடுத்தால் ஓரம் தானாகச் சுருண்டு நிற்கிறது.

இன்னொரு சிக்கல் கிளம்பியிருக்கிறது. பகலில் நன்றாக இருக்கிறது, ராத்திரி டியூப்லைட்டில் மூக்கு ரெண்டாகத் தெரிகிறது.

சட்டக்கடை

அது மூக்கோட தப்பு இல்லைங்க. நீங்க வர்ணத்துல போட்ட நிழல் வலப்பக்கம் விழுது. புடைப்பு உண்டாக்குற நிஜ நிழல் டியூப்லைட் இருக்கிற இடத்தைப் பொறுத்து இடப்பக்கம் விழுது. ஒரே மூக்குக்கு ரெண்டு நிழல். புடைப்பு வேலைக்குச் சுவரை முதல்ல முடிவு பண்ணணும். பார்க்கிறவங்களுக்கு இடப்பக்கம் ஜன்னல் இருக்கிற சுவரா பாருங்க. ராத்திரிக்கு அந்தப் பக்கத்துலயே ஒரு மஞ்சள் எல்இடி போட்டுக்குங்க. நேர் எதிர்ல லைட் போட்டா புடைப்பே தெரியாது.

வெறுங்கித்தான்

இந்த ஒரு பதிலுக்காகவே இந்த இழையை வைத்திருக்கலாம்.

ஆனால் ஸ்டடியைப் பற்றிக் கடைசியாக ஒன்று. எத்தனை பூ வைக்கப் போகிறீர்கள்?

கொழுந்துமேடு

தாடையில் ஒன்று. இன்னும் ரெண்டு, பாதி இலைக்குள் மறைந்தபடி. மற்றதெல்லாம் இலை.

வெறுங்கித்தான்

சரி. அதற்குமேல் ஆசைப்படாதீர்கள்.

ஊட்டி_டு_எழும்பூர்

அக்கா, வருகிறவங்க இப்ப என்ன சொல்றாங்க?

கொழுந்துமேடு

"இது என்ன பூ, மல்லியா?" என்கிறார்கள். அம்மாயி விளக்கம் சொல்ல ஆரம்பித்தால் அரை மணி நேரம் ஆகிறது. கண்டிக் கதை வரைக்கும் போகிறது.

சட்டக்கடை அண்ணா, பெரிய படத்துக்குக் கண்ணாடி போடலாமா? அடுப்புப் புகையும் தூசியும் மேட்டு இடுக்கில் போய் உட்காரும் என்று பயமாக இருக்கிறது.

சட்டக்கடை

ஒட்டினாப்புல கண்ணாடி போட்டா பூ கண்ணாடியில இடிக்கும், மழைக்காலத்துல அதுக்குள்ள ஈரம் தங்கிப் பூசணம் வரும். ஒண்ணு, ஆழமான பெட்டிச் சட்டமா போட்டு, ரொம்ப மேடான இடத்திலிருந்து அரை இன்ச்சாவது விட்டுக் கண்ணாடி வைக்கணும், பின்பக்கம் காத்துப் போக வழி விடணும். இல்லாட்டி கண்ணாடியே வேண்டாம், நல்லா காய்ஞ்சப்புறம் கழட்டுற மாதிரி வார்னிஷ் ரெண்டு கோட் அடிச்சுட்டு, மாசத்துக்கு ஒருக்கா மெத்துன்னு இருக்கிற பிரஷ்ஷால தூசி தட்டிக்கலாம். அடுப்படிக்கு எதிர்ச்சுவர் மட்டும் வேண்டவே வேண்டாம். மேட்டோட உயரத்தை ஸ்கேல் வெச்சு அளந்து சொல்லுங்க, சட்டத்தோட ஆழத்தை அப்புறம் முடிவு பண்ணிக்கலாம்.